பழைய ரைஃபிள் வாங்க எது நல்ல வழி: இணைய ஏலமா, நேரடி விளம்பரமா, ஊர்க் கடையா?

டீலர் கடையில் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது, குழலின் மேல் பொறித்திருந்த எழுத்துகளைத்தான். வின்செஸ்டர் மாடல் 70, 1964-க்கு முந்தையது. இணைய ஏலத்தில் எடுத்தேன். "அசல் நீலப்பூச்சு, வெரி குட் கண்டிஷன்" என்று போட்டிருந்தார்கள். நீலப்பூச்சு என்பது துரு பிடிக்காமல் இருக்க இரும்பின் மேல் ஏற்றும் கருநீலப் பூச்சு. கையில் எடுத்துப் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. திருகு ஓட்டைகளின் விளிம்பு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. யாரோ மெஷினில் தேய்த்துப் பாலிஷ் போட்டு மறுபடி நீலம் ஏற்றியிருக்கிறார்கள். சுடுவதற்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 1964-இல் வின்செஸ்டர் நிறுவனம் அந்த மாடலின் அமைப்பையே மாற்றிவிட்டதால், அதற்கு முந்தையவற்றுக்குத் தனி மவுசு. அந்த மவுசில் பெரும்பங்கு அசல் பூச்சுக்குத்தான். மறுபூச்சு என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் வேறு விலை சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்.

டெக்சாஸில் இருந்துகொண்டு பல வருடங்களாகப் பழைய ரைஃபிள்களை வாங்கி, மைதானத்தில் இலக்குச் சுடுதலுக்குப் பயன்படுத்தி, சிலவற்றை விற்றும் வருகிறேன். மூன்று வழிகளிலும் வாங்கியாயிற்று. எந்த வழியில் எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றித்தான் இந்த அலசல்.

ஏலத்தில் ஆரம்பிக்கிறேன். ஈபே 1999-இல் துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. அதே வருடம் தொடங்கிய கன்புரோக்கர் என்ற ஏலத் தளம்தான் இன்று இதில் பெரிய பெயர். வேறு மாநிலத்தில் இருப்பவரிடம் வாங்கினால் பொருள் நம் வீட்டுக்கு வராது. உரிமம் பெற்ற டீலர் ஒருவர் கடைக்கு வரும், அங்கே 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், நாம் துப்பாக்கி வாங்கச் சட்டத் தடை ஏதும் உண்டா என்று அவர் பின்னணிச் சோதனை செய்துவிட்டுத்தான் கொடுப்பார். இதற்குப் பெரும்பாலும் 25 முதல் 50 டாலர் வரை வாங்குவார்கள்.

இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட், ஏ. ஹிடெல் என்ற பொய்ப் பெயரில் சிகாகோ கடை ஒன்றுக்கு மணியார்டர் அனுப்பி, இத்தாலிய ராணுவத்தின் பழைய ரைஃபிள் ஒன்றைத் தொலைநோக்கியோடு 19.95 டாலருக்குத் தபாலில் வரவழைத்தார். யார், எதற்கு என்று கடைக்காரர் கேட்க வேண்டிய தேவையே அன்று இருக்கவில்லை. நவம்பரில் அதே ரைஃபிளால்தான் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். அப்படித் தபாலில் வீட்டுக்கே வாங்குவதை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. டீலர் கணினியிலோ போனிலோ உடனே செய்யும் பின்னணிச் சோதனை 1998 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஆக, வாங்குபவர் யார் என்ற கேள்விக்கு ஏல வழியில் ஓரளவு பதில் இருக்கிறது. விற்பவரின் சொல்லுக்குத்தான் காவல் குறைவு. நட்சத்திர மதிப்பெண் இருக்கிறதே என்பீர்கள். அது பார்சலை ஒழுங்காகக் கட்டி நேரத்துக்கு அனுப்பினாரா என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லும். மறுபூச்சைக் கண்டுபிடிக்கத் தெரியாத பத்துப் பேர் மனதார நல்ல மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, சொற்களின் பொருள். அமெரிக்காவில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தரப் பட்டியலைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் நவீனத் துப்பாக்கிகளுக்கு "வெரி குட்" என்றால் துருவோ அரிப்புக் குழியோ இருக்கக் கூடாது, மேலோட்டமான சிறு கீறல் மட்டும் இருக்கலாம். "குட்" என்றால் இயங்குவதற்கு இடைஞ்சல் செய்யாத அளவு அரிப்பு இருக்கலாம். அதாவது, "குட்" என்று படித்துவிட்டு நல்ல பொருள் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் நமக்குத்தான். எந்தப் பட்டியலையும் பார்க்காமல் இஷ்டத்துக்கு எழுதுபவர்களும் நிறைய. பேபாலில் துப்பாக்கிக்குப் பணம் அனுப்ப முடியாது என்பதால், ஏமாந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க அது தரும் பாதுகாப்பும் கிடையாது.

நான் தப்பித்தது ஒரே காரணத்தால்தான். விளம்பரத்தில் மூன்று நாள் சோதனை உண்டு, அதாவது அதற்குள் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று இருந்தது, நான் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கடை மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு எடுத்துவந்த பிறகு திருப்பித் தர முயன்றால், பல விற்பனையாளர்கள் ஏற்க மாட்டார்கள். அனுப்பும் செலவு என் தலையில், டீலர் கூலியும் போச்சு, ரைஃபிள் பணம் திரும்பி வந்தது. சில வாரங்கள் கழித்து அதே ரைஃபிள் மறுபடி ஏலத்துக்கு வந்தது. அதே படங்கள், அதே "அசல் நீலப்பூச்சு". எனக்கு வலித்தது அதுதான். முதல் முறை தெரியாமல் எழுதினார் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அப்புறம், நேரடி விளம்பரம். கிரெய்க்ஸ்லிஸ்ட் 2007-இலும் ஃபேஸ்புக் 2016-இலும் இதைத் தடை செய்துவிட்டன. ஆர்ம்ஸ்லிஸ்ட் போன்ற தனித் தளங்களில் நடக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து, ஒரே மாநிலத்துக்காரர்கள் நேரில் சந்தித்துக் கைமாற்றிக்கொள்வார்கள். கலிஃபோர்னியாவில் இதற்கும் டீலர் வழியாகத்தான் போக வேண்டும். டெக்சாஸில் அந்தக் கட்டாயம் இல்லை. விலை குறைவு, பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், விற்பவர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். எனக்குக் கிடைத்த மிக நேர்மையான மனிதர் இந்த வழியில்தான் கிடைத்தார். ரெமிங்டன் 700 ஒன்றை விற்க வந்த பெரியவர். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான அந்த வகை ரைஃபிள்களில், விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடிய கோளாறு இருக்கலாம் என்று 2014-இல் நிறுவனமே திரும்ப அழைத்தது. நான் கேட்பதற்கு முன்பே, விசையைச் சரிசெய்து வாங்கியதற்கான தாளை எடுத்து நீட்டினார். "இதைப் பார்த்துட்டு மத்ததைப் பேசுவோம்" என்கிற மாதிரி. பழைய சோபாவில் குறையை மறைத்தால் பணம் போகும். இங்கே குறையை மறைத்தால் பக்கத்தில் நிற்பவன் போவான். அவருக்கு அது தெரிந்திருந்தது.

ஆனால் முழு மோசடியும் இந்த விளம்பரங்களில்தான் அதிகம் கண்ணில் படும். சந்தை விலையில் பாதி, வேறு எங்கிருந்தோ எடுத்த படம், நேரில் வர முடியாது, ஸெல் என்ற பணம் அனுப்பும் சேவையில் பணம் போட்டுவிடுங்கள் என்பார்கள். அரசுத் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மாறுவேட அதிகாரிகள் பொதுவான இணையத் தளங்களில் தனியாரிடம் 72 முறை வாங்க முயன்றார்கள். ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. 56 பேர் மறுத்துவிட்டார்கள். அவர்களில் 29 பேர் பார்சலில் அனுப்பவே மாட்டோம் என்றார்கள், 27 பேர் வாங்குபவருக்குச் சட்டத் தடை இருப்பதைக் கேட்டதும் விலகிக்கொண்டார்கள். 5 முறை தளமே கணக்கை முடக்கியது. மீதி 11 முறையும் ஏமாற்றினார்கள் அல்லது ஏமாற்றப் பார்த்தார்கள். எனக்கு இந்தக் கணக்கில் ஆறுதலும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள். அதே சமயம், வீட்டுக்கே பார்சலில் அனுப்புகிறேன் என்று ஒத்துக்கொள்பவரிடம் பெரும்பாலும் துப்பாக்கியே இருக்காது.

விற்பவனாக எனக்கு இந்த வழியில் இன்னொரு பாரம். எதிரில் நிற்பவர் யார் என்று எனக்குத் தெரியாது. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நானும் கேட்காமல் விட முடியவில்லை. அதனால் இப்போதெல்லாம், "டீலர் கடையில் சந்திப்போம், சோதனைக் கூலியை நானே கொடுக்கிறேன்" என்கிறேன். அதைக் கேட்டதும் பதில் போடாமல் மறைந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு விற்காததில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை.

மூன்றாவது ஊர்க் கடை. நம் துப்பாக்கியை அவர்களிடம் கொடுத்தால் வைத்து விற்றுத் தருவார்கள், விலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பங்கு கொஞ்சம் உறுத்தும்தான். ஆனால் குழலுக்குள் விளக்குப் பிடித்துப் பார்க்கலாம், குழல் வாயின் ஓரம் நெளிந்திருக்கிறதா என்று விரலால் தடவலாம், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பார்க்கலாம். குறை தெரிந்தால் அடுத்த சனிக்கிழமை அதே ஆளிடம் போய் நிற்கலாம். எனக்கு நம்பிக்கை என்பது அதுதான்: சொன்னவர் நாளைக்கும் அங்கேயே இருப்பார். தப்பு நடந்தால் அவருடைய உரிமமே போகலாம் என்பதால், வாங்குபவர் இன்னொருவருக்காகப் பொய் சொல்லி வாங்குகிறாரா என்றும் கவனிப்பார். 4473-இல் உண்மையாக வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வியே இருக்கிறது, அதில் பொய் சொல்வது குற்றம்.

எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேறாத விசாக்காரர்கள் பொதுவாக வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பரிடம் சொல்லி வாங்கித் தரச் சொல்வது அவரையும் சேர்த்துச் சிக்க வைக்கும்.

என் வரிசை இதுதான். முதலில் ஊர்க் கடை. அடுத்து, டீலர் மேஜையில் முடிக்கச் சம்மதிக்கும் நேரடி விற்பனையாளர். ஊரில் கிடைக்காத பொருளுக்கு மட்டும் ஏலம், அதுவும் மூன்று நாள் சோதனை எழுத்தில் இருந்தால்.

போன வருடம் என் சாவேஜ் 110 ரைஃபிளைக் கடையில் விற்க வைத்தேன். போல்ட்டுக்குப் பின்னால் மரக்கட்டையில் மயிரிழை விரிசல், எபாக்சி பசை போட்டு அடைத்தது. அதையும், எத்தனை தோட்டா சுட்டிருப்பேன் என்பதையும் ஓர் அட்டையில் எழுதி விசைக்காப்பில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். விலை குறையும் என்றார் கடைக்காரர். சரி என்றேன். வாங்க வந்த பெண் அட்டையைப் படித்துவிட்டு, விரிசல் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். குழலைக்கூட அதற்கப்புறம்தான் பார்த்தார். பிறகு பேனா கேட்டார்.