ஆளில்லாத வீட்டுக்கு நான்கு கேமராக்கள்: நான்கு ஆண்டு அனுபவம்

மலேசியாவில் எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்று சொன்னாலும் எங்கள் குடும்பத்துக்கு அது இன்றும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்தபோது அப்பா சேமிப்பைப் போட்டு வாங்கிய முனை வீடு ஒன்று அங்கே இருக்கிறது. அவர் காலமான பிறகு, கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வரும் குடும்பங்களுக்கு அதை நாள் வாடகைக்கு விடுகிறோம். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் ஆள் இருப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். நான் இருப்பது கிள்ளானில்.

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததில் பின்பக்கத்துப் பித்தளைக் குழாய்கள் அத்தனையும் காணாமல் போயின. அப்பா தம் கையால் பொருத்திய குழாய்கள் அவை. அடுத்த ஆண்டே கேமரா வைத்துவிட்டேன்.

முதலில் வாங்கியவை சூரியத் தகட்டோடு வந்த இரண்டு பேட்டரி கேமராக்கள். வயர் இழுக்கும் வேலை இல்லை என்று நம்பி வாங்கினேன். இவை உடம்புச் சூட்டை வைத்து ஆளை அறிகின்றன. நம் ஊர் மதிய வெயிலில் சிமெண்டுத் தரையும் சுவரும் உடம்பளவுக்குச் சூடேறி நிற்கும்போது அவற்றுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நானே பகல் இரண்டு மணிக்கு வாசலில் நடந்து பார்த்தேன். மூன்று முறையில் ஒரு முறைதான் கைப்பேசிக்குத் தகவல் வந்தது. ஓராண்டில் அவற்றைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தில் ஓடும் நான்கு கேமராக்களை மாட்டினேன்.

இரவில் வேறொரு தொல்லை. இருட்டில் பார்க்க கேமரா அகச்சிவப்பு ஒளியை வீசும். கேமராவை ஒட்டிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்சுக்கு முன்னால் ஒரே ஓர் இழை இருந்தால் போதும், அது வெள்ளைக் கயிறுபோல் மின்னி, காற்றில் ஆடும்போதெல்லாம் எச்சரிக்கை அடிக்கும். ஓர் இரவில் நாற்பதுக்கு மேல் வந்திருக்கிறது. ஒலியை நிறுத்திவிடத் தோன்றும், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் வாரம் ஒருமுறை ஈர்க்குமாற்றால் தட்டிவிடுகிறான், அவ்வளவுதான் மருந்து. எலி பிடிக்கச் செம்பனைத் தோட்டத்தில் கூட்டுப்பெட்டி வைத்து வளர்க்கும் கூகை (ஆந்தை) ஒன்று சில இரவுகளில் எங்கள் மதிலில் வந்து அமரும். அந்தப் பதிவுகளை மட்டும் என் மகள் அழிக்க விடுவதில்லை.

திருட்டு நடந்தது பட்டப்பகலில். 2023-இல், மாலை மூன்று மணிக்கு ஏணியோடு ஒருவன் வந்து, குளிர்சாதனத்தின் செம்புக் குழாயை அறுத்துக்கொண்டு போனான். எச்சரிக்கை சரியாக வந்தது. ஏணியைப் பார்த்து யாரோ வேலையாள் என்று நான்தான் எண்ணிவிட்டேன். பதிவைப் போட்டுப் பார்த்தால் தொப்பியின் மேல்பக்கம் மட்டும் தெரிகிறது, முகம் இல்லை. யாருக்கும் எட்டக்கூடாது என்று கேமராவைக் கூரையோரத்தில் அவ்வளவு உயரத்தில் மாட்டியிருந்தேன். மோட்டார் சைக்கிளின் எண்ணும் அகலக் கோணத்தில் ஒரு புள்ளியாகச் சுருங்கிப் போயிருந்தது. போலீசில் புகார் கொடுத்தபோது காட்டுவதற்கு என்னிடம் ஒரு தொப்பிதான் இருந்தது. மறுவாரமே ஒரு கேமராவை நெஞ்சுயரத்தில், வாயிற்கதவை மட்டும் பார்க்கும்படி இறக்கினேன். புதிதாக மாட்டுகிறவர்கள் முதலில் அந்த ஒன்றை மாட்டுங்கள்.

கேமராவின் பதிவைச் சேமிக்கும் மெமரி அட்டையையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண அட்டை பதினான்கு மாதத்தில் செத்துவிட்டது. திரையில் மட்டும் பதிவாவதாகவே காட்டியது. தொடர்பதிவுக்கென்றே விற்கும் 128 ஜிபி அட்டை இப்போது இரண்டாம் ஆண்டில் ஓடுகிறது.

விருந்தினர் விஷயத்தில் நான் கண்டிப்பு. வீட்டுக்குள் கேமரா கிடையாது. நாள் வாடகை வீடுகளுக்கான ஏர்பிஎன்பி தளம் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா வைப்பதைத் தடை செய்தது; அதற்கு முன்பும் நான் வைத்ததில்லை. வெளியே இருப்பவற்றையும் முன்பதிவின்போதே எழுதிச் சொல்லிவிடுகிறேன். அப்படியும் ஓர் அம்மா, "துணி காயப்போடும் இடத்தை அது பார்க்கிறதே, தம்பி" என்று தொலைபேசியில் கேட்டார். வெட்கமாகிவிட்டது. அன்றே அதை நிறுத்தி, பிறகு பக்கவாட்டுச் சந்துப் பாதையை மட்டும் பார்க்கும்படி திருப்பிவிட்டேன்.

ஆனால் இந்த நான்கு ஆண்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது திருடனைவிட இடிதான். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலை இடி ஒன்று விழுந்தால் மெயின் சுவிட்ச் இறங்கிவிடும். அதை ஏற்றிவிட வீட்டில் ஆள் இல்லை. இணையம் போகும், நான்கு கேமராவும் ஒரே நேரத்தில் குருடாகும், குளிர்ப்பெட்டி உருகி வழியும். ஒருமுறை மூன்று நாள் கழித்துப் போய்க் கதவைத் திறந்தபோது வந்த நாற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது மோடத்தையும் கேமராக்களையும் மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓட்டும் ஒரு யுபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்குகிறது. வாசல் விளக்கு மட்டும் நேரடி மின்சாரத்தில், ஏழு மணிக்குத் தானாக எரியும்படி இருக்கிறது. ஏழுக்கு மேல் கேமராவில் அந்த விளக்கு இருட்டாகத் தெரிந்தால் சுவிட்ச் இறங்கிவிட்டது என்று பொருள்.

போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அக்காவை அழைத்தேன். "மழை சற்று விடட்டும், போகிறேன் தம்பி" என்றார். சிறிது நேரத்தில் நெஞ்சுயரக் கேமராவில் ஒரு குடை வந்தது, அதன் கீழே சாவிக்கொத்து. அவர் உள்ளே போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வாசல் விளக்கு எரிந்தது.