ஊசி வைத்ததும் இதயத்துடிப்பு

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) ஆல்பத்தின் மறுபதிப்பு எல்பி இசைத்தட்டு வாங்கினேன். அட்டை முனை மடங்கித்தான் வந்தது. கூரியர்காரரிடம் சண்டை போடத் தெம்பில்லை. ஊசி வைத்ததும் ஆல்பம் தொடங்கும் அந்த இதயத்துடிப்பு! என் பழைய கேசட்டில் இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தது. தட்டில் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அலறியதும் அம்மா பதறிப்போய், "அடுப்புல என்னடா சத்தம்?" என்றார். அனிருத் பக்தையான மகளோ, "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?"

தட்டைத் திருப்பிப் போட்டேன். கல்லாப்பெட்டியும் சில்லறையும் குலுங்கும் தாளம் வந்ததும் இயர்போனைக் கழற்றினாள். விரலால் தொடையில் எண்ணிப் பார்த்து, "ஏழு வருதுப்பா, மிஸ்ர சாபு மாதிரி!" அந்த ஏழு எண்ணிக்கைத் தாளம் சொல்லிக்கொடுத்த கர்நாடகப் பாட்டு கிளாஸ் ஃபீஸ் வீண் போகவில்லை. சாக்ஸபோன் வந்ததும் வால்யூமைக் கூட்டியதும் அவள்தான். ஆனால் நடுவில் எழுந்து தட்டைத் திருப்புவது மட்டும் அவளுக்கு இன்னும் எரிச்சல்.