இரண்டு மடங்கு சத்தம்: 3 டெசிபலா, 6 டெசிபலா, 10 டெசிபலா?

சத்தம் இரண்டு மடங்கானால் மீட்டரில் எத்தனை டெசிபல் கூடும்? 3, 6, 10 மூன்றுமே சரியான விடைகள்தான். எது இரண்டு மடங்கானது என்பதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு முழுக்கக் குழப்பமாகிவிடும்.

மைக் பிடிப்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை. அதன் வீச்சைப் பாஸ்கலில் சொல்வார்கள். 20 மைக்ரோபாஸ்கலை 0 டெசிபல் என்று வைத்தால், 1 பாஸ்கல் 94 டெசிபல். வீச்சு இரட்டித்தால் 6 கூடும். அளப்பதற்கு இதுதான் எளிது, ஒரு மைக் போதும். ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அது சொல்லாது.

செறிவு என்பது ஒரு சதுர மீட்டர் வழியே நொடிக்குப் பாயும் ஆற்றல், வாட் கணக்கில். வீச்சின் இருமடியைப் பொறுத்து இது மாறும். ஒரே அளவு இரையும் இரண்டு இயந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் செறிவு இரட்டிக்கும், மீட்டரில் 3 மட்டுமே ஏறும். செறிவுக்குத் திசை உண்டு. சிறு இடைவெளியில் இரண்டு மைக் வைத்து அளந்தால், இயந்திரத்தின் எந்தப் பாகம் இரைகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

சரி, காதுக்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நமக்கு இரண்டு மடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது செறிவு பத்து மடங்கு. அதோடு, காது எல்லா அதிர்வெண்ணையும் ஒன்றுபோல் கேட்பதில்லை. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலுக்குக் கேட்கும் அதே உரப்பு 100 ஹெர்ட்ஸில் வேண்டுமென்றால் 60-ஐத் தாண்ட வேண்டும். 1933-இல் ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் இதை வளைகோடுகளாக வரைந்தார்கள். அந்தக் கோடுகளின் அலகு ஃபோன்: 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி கேட்கும் அதே உரப்பில் கேட்கும் எந்த ஒலியும் 40 ஃபோன். உரப்பை மடங்காகச் சொல்லும் அலகு சோன். 40 ஃபோன் ஒரு சோன், 50 ஃபோன் இரண்டு சோன். இரண்டு மின்விசிறிகளில் எது அமைதியானது என்று பார்க்க நான் சோனைத்தான் நம்புவேன். எண் இரட்டித்தால் காதுக்கும் இரட்டிப்பாகவே கேட்கும்.

மீட்டர்களில் வழக்கமாக இருக்கும் 'ஏ' வடிகட்டல் 40 ஃபோன் கோட்டை ஒட்டியது. 100 ஹெர்ட்ஸில் அது 19 டெசிபலைக் கழித்துவிடும். மெல்லிய சத்தத்துக்கு இது பொருந்தும். சத்தம் ஏற ஏறக் காது தாழ்ந்த ஒலியையும் நன்றாகப் பிடிக்கும், வடிகட்டலோ அப்போதும் அதே 19-ஐக் கழிக்கும். அதனால் உறுமும் ஜெனரேட்டருக்கு அந்த எண்ணை மட்டும் ஏற்காதீர்கள். தாழ்ந்த ஒலியை அதிகம் கழிக்காத 'சி' வடிகட்டலிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். 'சி' எண் வெகுவாக மேலே நின்றால், தொந்தரவு தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது.