249 கிராம்: ஊருக்குப் போய் டுரோன் வாங்கிய அனுபவம்

பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து மணி நேரம் பறந்தால் போதும் என்றாலும், வேலையைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த நான், ஊரில் முழுதாக இரண்டு வாரம் தங்கியது 2025ஆம் ஆண்டுத் தைப்பூசத்தின் போதுதான். சிராங்கூன் சாலையில் காவடி பார்த்ததையும் ஈசூனில் அண்ணி வைத்த மீன்தலைக் கறியையும் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, அண்ணன் வீட்டு அலமாரியில் கிடந்த பழைய டுரோனைப் பழுதுபார்க்கப் போய்ப் புதிது ஒன்று வாங்கி வந்த கதை.

அந்தப் பழைய டுரோனை 2016ல் வாங்கினேன். கூடுதலாக இரண்டு மின்கலங்களையும் சேர்த்து இரண்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதைச் சுமக்கும் பெட்டி, பெரிய குடும்பத்துக்கான சோற்றுப் பானை அளவு இருக்கும். அடுத்த ஆண்டு நான் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது மின்கலங்களை முழுமையாக மின்னேற்றிய நிலையிலேயே அலமாரியில் வைத்துவிட்டுப் போனது என் தவறு. லித்தியம் மின்கலத்தை நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் பாதி மின்னூட்டத்தில் வைக்க வேண்டும். இப்போது திறந்து பார்த்தால் மூன்றும் பூரி போல உப்பியிருந்தன. போதாததற்கு, கேமராவைத் தாங்கும் சுழல்தாங்கி ஒரு நாடாக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியை யாரோ ஒருமுறை கீழே போட்டிருக்கிறார்கள். யார் என்று அண்ணன் வீட்டில் நான் விசாரிக்கவில்லை.

முதலில் போனது நகர மையத்தில் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருக்கும் பழுதுபார்ப்புக் கடைக்கு. வரவேற்பில் இருந்த இளைஞர் பணிவாகவே பேசினார். பரிசோதனைக் கட்டணம் 60 வெள்ளி, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது திரும்பக் கிடைக்காது, பத்து வேலை நாட்கள் ஆகும் என்று சொல்லிக் கையொப்பம் வாங்கிக்கொண்டார். எட்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: இந்த வகைக்கு உதிரி பாகம் இல்லை, மின்கலமும் கிடைக்காது, எடுத்துச் செல்லலாம். பொருளைத் திறக்காமல், அதன் வகையைக் கேட்ட மாத்திரத்திலேயே முதல் நாள் சொல்லியிருக்கக்கூடிய விடை இது. அந்த 60 வெள்ளி எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் பொருளை எடுக்கப் போனபோது, உள்ளேயிருந்து வந்த மூத்த தொழில்நுட்பர் சொன்ன கணக்கு மறுக்க முடியாததாக இருந்தது. உதிரி பாகம் கிடைத்தாலுமே கேமராவும் தாங்கியும் மாற்றி, கூலியும் சேர்த்தால், அதே தரத்தில் படம் எடுக்கும் புதிய சிறிய டுரோனின் விலையைத் தாண்டிவிடும். அதனால் இப்போது பழுதுபார்க்க வருபவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்றார். விலை சரிந்ததன் முதல் அடி பழுதுபார்ப்பவர் வயிற்றில்தான் விழுந்திருக்கிறது.

சரிவு எவ்வளவு என்பதை ஒரே நிறுவனத்தின் பட்டியலில் பார்க்கலாம். சீனாவின் ஷென்செனில் 2006ல் தொடங்கப்பட்ட டுரோன் நிறுவனமான டிஜேஐ, தன் முதல் ஃபேண்டம் டுரோனை 2013ல் 679 அமெரிக்க டாலருக்கு விற்றது. அதில் கேமராவே கிடையாது, கோப்ரோ கேமரா ஒன்றை நாமே வாங்கி மாட்ட வேண்டும். 2016 மார்ச்சில் வந்த ஃபேண்டம் 4 கேமராவுடன் 1,399 டாலர். அதே ஆண்டு செப்டம்பரில் மடக்கக்கூடிய மேவிக் புரோ 999 டாலருக்கு வந்தது; 2017ல் ஸ்பார்க் 499; 2019ல் 249 கிராம் எடையுள்ள மேவிக் மினி 399. 2024 ஏப்ரலில் மினி 4கே 299 டாலருக்கும், செப்டம்பரில் உள்ளங்கையிலிருந்தே எழும்பும் நியோ 199 டாலருக்கும் வந்தன. ஃபேண்டம் 4க்கும் மினி 4கேக்கும் கேமரா உணர்வியின் அளவு ஒன்றுதான், 1/2.3 அங்குலம். ஆனால் முன்னால் இருக்கும் தடையைக் கண்டு நிற்கும் வசதி பழையதில் உண்டு, மலிவான புதியதில் இல்லை. விலை ஐந்தில் ஒன்றாகிவிட்டது என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீனப் பொருள், அதனால் மலிவு என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். அது பாதி உண்மைதான். கைப்பேசிக்காகக் கோடிக்கணக்கில் தயாரான சுழற்சி உணர்விகள், முடுக்க உணர்விகள், ஜிபிஎஸ் சில்லுகள், சிறு கேமராக்கள், லித்தியம் மின்கலங்கள் எல்லாம் டுரோனுக்கும் அப்படியே பொருந்தின. அவை அனைத்தும் ஷென்செனைச் சுற்றியே கிடைத்தன. மற்றவர்கள் பாகங்களை வெளியே வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்தபோது, டிஜேஐ பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவியையும் சுழல்தாங்கியையும் தானே வடிவமைத்தது. ஒரு பாகத்தின் செலவு குறைந்தால் அந்த இலாபத்தை இன்னொருவருக்குப் பங்கிட வேண்டியதில்லை. 2015ல் 799 டாலருக்கு வந்த ஃபேண்டம் 3 ஸ்டாண்டர்ட், மறு ஆண்டே 499க்கு இறங்கியது. அந்த வேகத்துக்கு எதிரே நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கலிஃபோர்னியாவின் 3டி ரோபாட்டிக்ஸ் 2015ல் சோலோ என்ற டுரோனைக் கொண்டுவந்து, விற்காத சரக்குடன் 2016ல் நுகர்வோர் டுரோன் தயாரிப்பையே நிறுத்தியது. தானாகப் பின்தொடரும் என்று சொல்லி 3 கோடியே 40 லட்சம் டாலருக்கு முன்பதிவு பெற்ற லில்லி, ஒரு டுரோனைக்கூட அனுப்பாமல் 2017 ஜனவரியில் கடையைக் கட்டியது. அதே மாதம் பிரான்சின் பாரட் தன் டுரோன் பிரிவில் 290 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. கேமரா நிறுவனமான கோப்ரோவின் கர்மா டுரோன், பறக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே ஏறத்தாழ 2,500ஐத் திரும்பப் பெற நேர்ந்தது. 2018 ஜனவரியில் கோப்ரோவும் இந்தத் துறையிலிருந்து விலகியது.

போட்டி அழிந்தால் விலை ஏறும் என்பதுதான் நாம் எதிர்பார்ப்பது. இங்கே விலை தொடர்ந்து இறங்கியது. என் கணிப்பு இது: பெரிய டுரோன் வாங்க நினைத்தவர்கள் எல்லாம் வாங்கி முடித்துவிட்டார்கள், அடுத்து விற்க வேண்டுமென்றால் பொழுதுபோக்குக்காரரையும் பள்ளி மாணவரையும் தேடித்தான் போக வேண்டும், அவர்களோ ஐந்நூறு வெள்ளிக்கு மேல் யோசிப்பவர்கள். ஆகவே நிறுவனம் தன் பழைய பொருளோடு தானே போட்டியிட வேண்டியிருந்தது. அடிமட்ட விலையில் இப்போது மறுபடியும் போட்டியாளர்கள் வந்திருக்கிறார்கள்: 125 கிராம் எடையுள்ள ஹோவர் ஏர் எக்ஸ்1, பொடென்சிக் ஆட்டம் போன்றவை. நியோ 199 டாலருக்கு வந்ததற்கு அவர்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கடை கடையாக ஏறியதில் எனக்குப் பிடித்திருந்தது, விற்பவர்களின் பேச்சு மாறியிருந்ததுதான். சிம் லிம் சதுக்கத்திலும், பெனின்சுலா கடைத்தொகுதியின் கேமராக் கடைகளிலும், தேக்காவைச் சுற்றிய மின்னணுக் கடைகளிலும் ஒரே வகை டுரோனுக்கு விலை கேட்டேன். அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே 40 வெள்ளிதான் வித்தியாசம். அந்த 40 வெள்ளி எதற்கு என்பதைத் தேக்காப் பக்கத்துக் கடையில் இருந்த தமிழ் விற்பனையாளர் ஒளிக்காமல் சொன்னார். "அண்ணே, அது எக்ஸ்போர்ட் செட்டு. பொருள்ல குறை இல்ல. ஆனா ஏதாவதுன்னா இங்க உள்ள சர்வீஸ்ல எடுக்க மாட்டாங்க. லோக்கல் செட்டு எடுத்துக்கங்க." பொருள் சேவை வரி ஒன்பது விழுக்காடு விலையிலேயே அடங்கியிருந்தது. சிவப்பு நிறச் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த வரி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்காது. வெளிநாட்டில் எத்தனை ஆண்டு இருந்தாலும் நாம் சுற்றுப்பயணி ஆகிவிட முடியாது. பெர்த் நண்பர்கள் சிலர் ஒவ்வொரு முறையும் சாங்கி விமான நிலையத்தில் இதற்காக வரிசையில் நின்று ஏமாறுகிறார்கள்.

டுரோன் எனக்கல்ல, பதினைந்து வயதான அண்ணன் மகனுக்கு. அதைக் கேட்டவுடன் அந்த விற்பனையாளர் மேசைக்கடியிலிருந்து, அடுப்படியில் மாவு நிறுப்பது போன்ற ஒரு சிறு மின்னணுத் தராசை எடுத்து வைத்தார். டுரோனை மின்கலத்துடன் வைத்தார்: 248. பையன் ஆசைப்பட்ட விசிறிக் காப்பு வளையத்தை மாட்டி வைத்தார்: எண் 250ஐத் தாண்டி ஓடியது. "தம்பி, இத மாட்டினா நீ பதியணும். உனக்கு இன்னும் வயசு வரல" என்றார். 2020 ஜனவரி 2ஆம் தேதி முதல் சிங்கப்பூரில் மொத்த எடை 250 கிராமைத் தாண்டும் டுரோன்களைப் பதிவு செய்தாக வேண்டும். பதிபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். பதிவு ஒட்டுவில்லைக்குத் தொடக்கத்தில் 15 வெள்ளி வாங்கினார்கள். பதியாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 2019 ஜூனில் யாரோ பறக்கவிட்ட டுரோன்களால் சாங்கியில் இரண்டு இரவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமான பிறகு வந்த கண்டிப்பு இது. பல நாடுகளில் உள்ள இந்த 250 கிராம் கோடுதான் 249 கிராம் டுரோனை உருவாக்கியது என்பதை மறக்கக்கூடாது. அப்போது ஜப்பானில் கோடு 200 கிராமில் இருந்ததால், மேவிக் மினியை அங்கே மட்டும் சிறிய மின்கலத்துடன் 199 கிராமாக விற்றார்கள். பொறியாளரும் சட்டத்தைப் பார்த்துத்தான் எடையைக் குறைக்கிறார்.

சேவை என்று நான் பாராட்டுவதாக இருந்தால் இந்தத் தராசைத்தான் பாராட்டுவேன். 2016ல் எனக்கு விற்றவர் எங்கே பறக்கவிடப் போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. உடைந்தால் குறைந்த கட்டணத்தில் மாற்றிக் கொடுக்கும் காப்புத் திட்டம் ஒன்றையும் இவர் எடுக்கச் சொன்னார். இயக்கத் தொடங்கிய உடனேயே அதை வாங்கிவிட வேண்டும், தாமதித்தால் சிக்கல். பழுதுபார்ப்பு மறைந்த இடத்தில் இந்தத் திட்டம் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எடுத்துக்கொண்டேன்.

வாங்கிய பிறகுதான் வேலை தொடங்கியது. பதிவுக்குத்தான் எடை வரம்பு. எங்கே பறக்கலாம் என்ற விதி 249 கிராமுக்கும் உண்டு. விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ, கடல்மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேலோ அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. சாங்கி, பாய லேபார், சிலேத்தார், செம்பவாங், தெங்கா என்று ஐந்து தளங்களைச் சுற்றி வட்டம் போட்டால், ஐம்பது கிலோமீட்டர் நீளமுள்ள தீவில் என்ன மிஞ்சும்? அண்ணன் வீடு இருக்கும் ஈசூன் செம்பவாங் தளத்தின் வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இருநூறு அடி என்பது ஏறத்தாழ இருபது மாடி. அதுவும் கடல்மட்டத்திலிருந்து கணக்கு என்பதால், 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா உச்சியில் டுரோனைத் தரையில் வைத்தாலே வரம்பைத் தாண்டியாகிவிட்டது. பெர்த்தில் தரையிலிருந்து 120 மீட்டர் வரை பறக்கவிட்டுப் பழகிய எனக்கு இது மூச்சுமுட்டியது. ஆனால் இவ்வளவு சிறிய வானத்தில் இத்தனை விமானம் இறங்கும் ஊரில் வேறு என்ன செய்ய முடியும் என்றும் தோன்றியது.

அரசின் ஒன்மேப் இணைய வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து பையன்தான் தேடினான். தைப்பூச ஊர்வலத்தை மேலிருந்து எடுக்கலாம் என்று அவன் நினைத்திருந்ததைக் கூட்டத்தைக் காட்டித் தடுத்துவிட்டேன். கடைசியில் தீவின் தென்மேற்கில், வரைபடத்தில் நிறம் படாத ஒரு திடல் அகப்பட்டது. ஈசூனிலிருந்து பெருவிரைவு ரயிலும் பேருந்துமாக ஒன்றேகால் மணி நேரம். பறந்தது பதினொரு நிமிடம், பிறகு மழை.

திரும்பும் வழியில் திருமணப் படம் எடுக்கும் என் மாமா மகனைப் பார்த்தோம். முன்பு வான்வழிக் காட்சிக்குத் தனியாக 400 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தவன், இப்போது கேட்டால் வாடிக்கையாளர் சிரிக்கிறார்கள் என்றான். டுரோன் என்ன விலை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் தொழிலுக்குப் பறக்கவிட எடை எவ்வளவு குறைந்தாலும் டுரோன் இயக்குபவருக்கான அனுமதியும் பறக்கும் நடவடிக்கைக்கான அனுமதியும் வேண்டும். அந்தச் செலவு டுரோன் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. "மச்சான், முன்ன மிஷினு விலை, பேப்பரு சும்மா. இப்ப மிஷினு சும்மா, பேப்பரு விலை" என்றான். அதற்கு முந்தைய ஆண்டு முதல் வான்வழிக் காட்சியே எடுப்பதில்லையாம்; மண்டபத்து மேல்மாடியிலிருந்து நீண்ட கம்பில் கேமராவைக் கட்டி எடுக்கிறான்.

பழைய டுரோனை விற்கக் கேட்டதில், பாகத்துக்காக 30 வெள்ளி தருவதாக ஒருவர் சொன்னார். கொடுக்கவில்லை. பெர்த்துக்குக் கிளம்பும் நாள், பையன் அதன் நான்கு மோட்டார்களையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்திருந்தான். மூன்று இன்னும் சுற்றின. விசிறிக் காப்பு வளையம் உறை பிரிக்காமல் அவன் இழுப்பறையில் இருந்தது. பதினாறு வயது ஆவதற்கு அவனுக்கு அன்று இன்னும் ஏழு மாதம் இருந்தது.