காது கொக்கியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்: ஐந்து வகையையும் விற்றுப் பார்த்த பிறகு

கையால் கம்மல் செய்து இணையத்தில் சின்னதாக ஒரு கடை வைத்து விற்கிறேன். மணி கோர்த்தது, கம்பி சுற்றியது, பாலிமர் களிமண்ணில் செய்தது என்று எல்லாமே தொங்கட்டான் வகை. ஆரம்பத்தில் என் பணம் முழுக்க மணிகளுக்கே போனது. நல்ல கண்ணாடி மணி, நல்ல கல், நல்ல நூல் என்று தேடித் தேடி வாங்குவேன், கொக்கியை மட்டும் நூறு நூறாகப் பாக்கெட்டில் வருவதில் எது மலிவோ அதை எடுத்துக்கொள்வேன். காதுக்குள் போகிற ஒரே பாகம் அதுதான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஏற வைத்தது ஒரு வாடிக்கையாளரின் செய்தி. "கம்மல் ரொம்பப் பிடித்திருக்கிறது, தினமும் போட்டுக்கொண்டிருந்தேன், மூன்றாவது வாரத்திலிருந்து காது அரிக்கிறது, ஓட்டையைச் சுற்றிச் சிவந்து நீர் வடிகிறது." கூடவே ஒரு படம். கோபமாக ஒரு வார்த்தை இல்லை, அதனாலேயே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் கடைப் பக்கத்தில் "நிக்கல் இல்லாத கொக்கி" என்று எழுதியிருந்தது நான். நிக்கல் பலருடைய தோலுக்கு ஒவ்வாத உலோகம். கொக்கி வந்த பாக்கெட்டில் அப்படித்தான் அச்சடித்திருந்தது, நானும் அதையே பார்த்து எழுதிவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கம்மலை அனுப்பச் சொல்லி வாங்கினேன். அப்புறம் நிக்கல் சோதனைத் திரவம் ஒன்று வாங்கினேன். டைமீத்தைல்கிளையாக்சைம் என்று நாக்கு சுளுக்கும் பெயர், ஆனால் வேலை சுலபம். பஞ்சுக் குச்சியில் திரவத்தைத் தொட்டு உலோகத்தின் மேல் அரை நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். பாக்கெட்டில் மிச்சமிருந்த புதுக் கொக்கியில் முதலில் தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. திரும்பி வந்த கொக்கியில், காதில் உரசும் அந்த வளைவில் தேய்த்தேன். ரோஜா நிறம், சந்தேகமே இல்லாமல். புதுக் கொக்கி ஒன்றை அரத்தில் நாலு இழுப்பு இழுத்து மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுத் திரும்பவும் தேய்த்தேன், அதுவும் ரோஜா.

காரணம் இதுதான். பித்தளைக் கம்பியின் மேல் தங்க முலாம் பூசுவதற்கு முன்னால் பளபளப்புக்காகவும், பித்தளையின் செம்பு தங்கத்துக்குள் ஊடுருவாமல் இருக்கவும் இடையில் நிக்கல் அடுக்கு ஒன்று கொடுப்பது வழக்கம். மேலே இருக்கும் தங்கம் மலிவான கொக்கிகளில் அரை மைக்ரான்கூட இருப்பதில்லை. தினமும் வியர்வையும் உரசலும் பட்டால் சில வாரங்களில் தேய்ந்துவிடும், அதற்கப்புறம் காதைத் தொடுவது நிக்கல்தான். புதிதாக இருக்கும்போது சோதித்துப் பார்த்து "நிக்கல் இல்லை" என்று ஒருவர் நம்பிவிட முடியும் என்பதுதான் இதில் மோசம். இந்தத் திரவத்தை வாங்குகிறவர்கள் தயவுசெய்து சுரண்டிவிட்டும் ஒரு தடவை சோதியுங்கள். ஒரு கொக்கி வீணாகும், போகட்டும்.

நிக்கல் ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது. அதற்கப்புறம் கைக்கடிகாரப் பட்டை, பேன்ட் பட்டன் எல்லாமே அரிக்க ஆரம்பிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. இன்று அங்கே குத்திய துளைக்குள் போகும் பாகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் நிக்கல் கசியலாம், தோலை ஒட்டி நெடுநேரம் இருக்கும் மற்றப் பொருட்களுக்கு 0.5. உலோகத்தில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற வகைகளைப் பற்றி எனக்குத் தெளிவு வந்தது.

அந்த முலாம் கொக்கி போட்ட கம்மல்கள் அத்தனையையும் கடையிலிருந்து எடுத்துவிட்டு, அதே டிசைன்களில் நாலு வேறு வகைக் கொக்கி மாட்டி ஒரு வருஷத்துக்கு மேல் விற்றுவிட்டேன். என் அனுபவம் கீழே.

முலாம் கொக்கிக்கு என் மதிப்பெண் பூஜ்ஜியம். விலை குறைவு, பார்க்க அழகு, எல்லாம் சரி, ஆனால் அடுத்தவர் காதுக்குள் போகும் பொருள் அது.

ஸ்டீல் கொக்கி, 316எல் என்று போட்டு வருவது. இதில் பத்து சதவீதத்துக்கு மேலேயே நிக்கல் இருக்கிறது என்று கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் குரோமியம் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிந்து நிக்கலை உள்ளேயே பூட்டி வைக்கிறது, அதனால் கசிவு மிகக் குறைவு. நான் வாங்கியதில் சுரண்டிச் சோதித்தும் பஞ்சு வெள்ளைதான். கறுக்காது, வளையாது, தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். கடுமையான ஒவ்வாமை இருப்பவருக்கு மட்டும் நான் கொடுக்க மாட்டேன், "நிக்கல் இல்லாதது" என்றும் இதன் கீழே எழுத மாட்டேன். "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று மட்டும் போட்டிருக்கும் பாக்கெட்டை நம்ப வேண்டாம், எந்த ரகம் என்ற எண் இருக்க வேண்டும். செய்கிறவருக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்டீல் கம்பியை உங்கள் நல்ல வெட்டுக் குறடால் வெட்டிவிடாதீர்கள். நான் ஒரே ஒரு முறை வெட்டினேன். குறட்டின் வாயில் கடுகு அளவு பள்ளம் விழுந்துவிட்டது, அதற்கப்புறம் வெட்டிய ஒவ்வொரு வெள்ளிக் கம்பியின் நுனியிலும் அதே வடு.

வெள்ளி, 925 முத்திரை போட்டது, ஸ்டெர்லிங் என்பதும் இதுதான். நூற்றில் 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. வேலை செய்வதற்கு இதைப் போல இன்பமான உலோகம் கிடையாது. ஆயத்தக் கொக்கி வாங்காமல் நானே வளைப்பது இதில் மட்டும்தான். 20 கேஜ் கம்பி, அதாவது 0.81 மில்லிமீட்டர் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும், புதிதாக வாங்குகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்). விரல் நீளத் துண்டு இரண்டை ஒரே அளவில் வெட்டி, உருண்டைமூக்குக் குறடால் ஒரு நுனியில் சின்ன வளையம் போட்டு, தடிமனான பேனா ஒன்றின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்தே வளைத்தால் ஜோடி பிசகாது. வளைத்த கையோடு விட்டால் கொக்கி தொளதொளவென்று இருக்கும், ஒரு இழுப்புக்கு விரிந்துவிடும். எஃகுக் கட்டையில் வைத்து அந்த வளைவின் மேல் மட்டும் நைலான் சுத்தியால் பத்துப் பன்னிரண்டு தட்டு தட்ட வேண்டும், தட்டத் தட்டச் சத்தம் மாறும், மொத்தை ஒலி போய் கணீரென்று வரும்போது கம்பி இறுகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் நுனி. வெட்டிய நுனி கண்ணுக்கு மழமழப்பாகத் தெரியும், உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தால்தான் பிசிறு தெரியும். நுனியை உருட்டித் தேய்க்கும் கிண்ண அரம் ஒன்று அவசியம் வாங்குங்கள். காது புண்ணாவதற்கு எல்லா நேரமும் ஒவ்வாமைதான் காரணம் என்றில்லை, பிசிறும் அதே வேலையைச் செய்யும்.

வெள்ளியில் உள்ள ஒரே தலைவலி கறுப்பு. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளி சல்பைடு ஆகிறது. முதல் தடவை ஒரு கட்டு கம்மலை அட்டையில் குத்தி ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவில் வைத்திருந்தேன், பத்து நாள் கழித்துத் திறந்தால் ரப்பர் பட்ட இடமெல்லாம் கோடு கோடாகக் கறுத்திருந்தது. ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம்தான் சேர்க்கிறார்கள். இப்போது ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி ஜிப் கவரில், காற்றை அழுத்தி வெளியேற்றி, கறுப்புத் தடுக்கும் காகிதத் துண்டோடு போகிறது. கறுத்தால் என்ன செய்வது என்று ஒரு சீட்டும் வைக்கிறேன்: கிண்ணத்தில் அலுமினியத் தாள், அதன் மேல் கொக்கி தாளைத் தொடும்படி, சமையல் சோடா, சுடுதண்ணீர், சில நிமிடங்கள். கறுப்பு அலுமினியத்துக்குப் போய்விடும். முத்து, ஒட்டிய கல், களிமண் எதுவும் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது, அதனால் கொக்கியைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் இது, மற்றவர்களுக்கு மெருகு துணியே போதும். இன்னொன்று, "ஜெர்மன் சில்வர்" என்ற பெயரில் வருவதில் வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். வெள்ளி என்று நினைத்து அதில் கொக்கி செய்துவிடாதீர்கள்.

கோல்டு ஃபில்டு. தங்க நிறம் கேட்பவர்களுக்கு நான் இப்போது மாட்டுவது இதுதான், மனதார மாட்டுகிறேன். முலாம் மாதிரி திரவத்தில் முக்கி எடுப்பது இல்லை. பித்தளைக் கம்பியைச் சுற்றி நிஜமான தங்கத் தகட்டைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிணைத்து இழுத்தது. 14/20 என்று இருந்தால் மேலே இருப்பது 14 காரட் தங்கம், அது மொத்த எடையில் 20-ல் ஒரு பங்கு. முலாமோடு ஒப்பிட்டால் பல மடங்கு கனமான அடுக்கு, வருஷக்கணக்கில் தாங்கும். என் காதிலேயே ஒரு ஜோடியைக் கழற்றாமல் எட்டு மாதம் போட்டிருந்தேன், குளியல், தூக்கம், வியர்வை எல்லாவற்றோடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பித்தளை எட்டிப் பார்க்கவில்லை. குறை என்றால், அரத்தை ஓங்கி இழுத்தால் தங்கம் போய்விடும், வெட்டிய முனையில் ஊசிமுனை அளவு பித்தளை தெரியும், வெள்ளிக் கம்பி மாதிரி தீயில் காட்டி நுனியை உருண்டையாக்கவும் முடியாது. அதனால் இதில் ஆயத்தக் கொக்கியே வாங்குகிறேன். விலை முலாம் கொக்கியோடு ஒப்பிடவே முடியாத உயரம், கம்மலின் விலையும் அதற்கேற்ப ஏறத்தான் செய்தது. ஏறியதும் இரண்டு மாதம் விற்பனை மந்தமாக இருந்தது உண்மை. பிறகு பழைய வாடிக்கையாளர்களே திரும்பி வந்து வாங்க ஆரம்பித்தார்கள், முன்பு அது அபூர்வம்.

நியோபியம். காது ஏற்கெனவே புண்பட்டவர்களுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. வேறு உலோகம் கலக்காமல் தனி உலோகமாகவே கொக்கியாகிறது, எனவே நிக்கல் என்ற பேச்சே இல்லை. கலப்பில்லாத டைட்டானியமும் அப்படிப்பட்டதுதான், ஆனால் நியோபியம் கொஞ்சம் மென்மை, கொக்கியின் வளையத்தைத் திறந்து மணியை மாட்ட மணிக்கட்டு வலிக்காது. இயல்பில் சாம்பல் நிறம். நீலம், ஊதா, பச்சை என்று வருவதெல்லாம் சாயம் கிடையாது, மின்சாரம் கொடுத்து மேலே ஆக்சைடு படலம் வளர்க்கிறார்கள், படலத்தின் தடிமன் மாற மாற ஒளி வேறு நிறமாகத் திரும்புகிறது. மயில் நீலக் கொக்கியில் பச்சைக் கண்ணாடி மணியை மாட்டிப் பாருங்கள், கொக்கியும் டிசைனின் பாகமாகிவிடும். படலம் மெல்லியது என்பதால் குறடு பட்டால் கோடு விழும். குறட்டின் வாயில் ஒட்டுத்தாள் சுற்றிக்கொள்கிறேன். வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் திறக்க வேண்டும், இழுத்து அகட்டினால் மறுபடி வட்டம் சேராது, இது எல்லா உலோகத்துக்கும் பொருந்தும். தங்க நிறத்தில் வரும் நியோபியம் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை, வெளிறிப்போன வைக்கோல் மாதிரி இருக்கிறது.

காது புண்ணான அந்த வாடிக்கையாளருக்கு அதே கம்மலை நியோபியம் கொக்கியோடு அனுப்பினேன், ஓட்டை முழுக்க ஆறிய பிறகே போட வேண்டும் என்று எழுதி. நாலு மாதம் கழித்து நானே விசாரித்தேன். தொந்தரவு இல்லை என்று பதில் வந்தது.

கடைப் பக்கத்தில் எழுதும் முறையும் மாறிவிட்டது. என் கடை இருக்கும் எட்ஸி என்ற கைவினைச் சந்தைத் தளத்தில் ஒரு பொருளுக்கு 13 குறிச்சொற்கள்தான், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள். "நிக்கல் ஃப்ரீ இயரிங்ஸ்" என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் இடைவெளியோடு சரியாக 20 வரும், எல்லாப் பொருளிலும் அதைப் போட்டுவிடத்தான் கை போகும். நான் நியோபியத்துக்கு மட்டும் போடுகிறேன். மற்றவற்றில் கொக்கி என்ன உலோகம், மணி கோர்த்த கம்பி என்ன உலோகம் என்று தனித்தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. என் கம்மல்களில் கீழே தொங்கும் வளையங்கள் இன்னமும் பித்தளைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். "ஸ்டெர்லிங் வெள்ளிக் கம்மல்" என்று தலைப்பில் போட்டுவிட்டுக் கொக்கி மட்டும் வெள்ளியாக இருப்பதைப் பல கடைகளில் பார்க்கிறேன். வாங்குகிறவர்கள் கேளுங்கள், "காதுக்குள் போகிற பாகம் எது?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும். ஒழுங்காகச் செய்கிறவர் உடனே பதில் சொல்வார்.

அடுத்த முறை வாங்கப்போவது: கோல்டு ஃபில்டு, நியோபியம் இரண்டும் ஆயத்தமாக, வெள்ளிக் கம்பி சுருளாக. ஸ்டீல் கொக்கி, களிமண் கம்மல்களுக்கு மட்டும் கொஞ்சம். மிச்சம் கிடந்த முலாம் கொக்கிகளைப் புது டிசைன் யோசிக்கும்போது கட்டித் தொங்கவிட்டு, கம்மல் எப்படி ஆடுகிறது என்று பார்க்க வைத்திருக்கிறேன். அந்த டப்பாவின் மூடியில் "காதுக்கு அல்ல" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.