தண்ணி மோட்டர் உத்தரவாதம்: மறுப்பா, கைவிரிப்பா?

மோட்டரோடு வரும் உத்தரவாத அட்டையில் ‘பொறுப்புத் துறப்பு’ என்றொரு பந்தி அநேகமாக இருக்கும். யாழ் நகரத்தில் மோட்டர் விற்றுத் திருத்தியும் கொடுக்கும் ஒரு கடை அப்படி எழுதவில்லை. ‘கீழுள்ளவற்றுக்குப் பொறுப்பு ஏற்கமாட்டோம்’ என்று எழுதியிருக்கிறது. அதுதான் சரியான வினை. துறப்பதென்றால் கையில் இருந்ததை விடுவது: பதவியைத் துறந்தார், வீட்டைத் துறந்தார். ஏற்காத பொறுப்பை எப்படித் துறப்பது?

விற்கமுன்பே சொன்னால் அது மறுத்தல். பழுதான மோட்டரைக் கொண்டுபோனபிறகு “கொம்பனியைக் கேளுங்கோ” என்றால் தட்டிக்கழித்தல். “எங்களால ஒண்டும் செய்யேலாது” என்றால் கைவிரித்தல். இந்த வினைக்குச் செயப்படுபொருளே தேவையில்லை, ‘கடைக்காரர் கைவிரிச்சிட்டார்’ என்றால் போதும். ஒருதரம் திருத்தித் தந்துவிட்டுப் பிறகு போனையே எடுக்காமல் விட்டால் கைகழுவுதல். முன்பு கை வைத்தவர்தான் கழுவமுடியும்.

கடை மறுப்பவை இரண்டு. முதலாவது, தண்ணி இல்லாமல் ஓடவிட்டது. இதில் கடை நேர்மை. மோட்டரை வாங்குபவர் முன்னாலேயே கழற்றுகிறார்கள். தண்டு வழியே தண்ணி ஒழுகாமல் தடுக்கும் ‘சீல்’ என்ற பாகத்தைக் குளிர்விப்பது தண்ணிதான். வரண்டு ஓடினால் அதன் முகம் சூட்டில் வெடித்திருக்கும், கண்ணாலேயே தெரியும். பெரும்பாலும் புட் வால்வ் (கிணற்றுக்குள் குழாயின் அடியில் தண்ணியைத் திரும்ப விடாமல் பிடிக்கும் வால்வு) ஒழுகி, குழாயில் இருந்த தண்ணி கிணற்றுக்குள் இறங்கியிருக்கும். எங்கள் சுண்ணாம்புத் தண்ணியில் வால்வின் வாயில் உப்புப் படிந்து அது முழுதாக மூடாது. அடிக்கடி கழுவினால் இந்தப் பிழை குறையும்.

இரண்டாவது, ‘மின்னழுத்தக் குறைவு’. இங்கேதான் கடை சறுக்குகிறது. எத்தனை வோல்ற் என்று அட்டையில் இல்லை. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 6 வீதம் கூடிக்குறையலாம். அதாவது 216க்குக் கீழே போனால்தான் குறைவு. எண் இல்லாவிட்டால் எரிந்த கொயில் (மோட்டருக்குள் இருக்கும் கம்பிச்சுற்று) எல்லாவற்றையும் இந்த வரியில் தள்ளிவிடலாம். மறுப்பாக எழுதியது தட்டிக்கழிப்பாக மாறிவிடும். அந்த எண்ணைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மோட்டர் ‘ம்ம்’ என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கொயில் எரிந்ததென்று முடிவுகட்டாமல், முதலில் மோட்டரைச் சுற்றத் தொடங்கவைக்கும் கெப்பாசிற்றரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அது மலிவு.

கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். எழுத்துமூல முறைப்பாடு, மோட்டர் வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும், பற்றுச்சீட்டும் அட்டையும் சேர்த்து.