பிளாக்டன் பஸ்ஸரா, ஸீப்ரா மிட்ஜா?

இரண்டுமே டிரவுட் மீனைப் பிடிக்க, மிட்ஜ் என்ற கொசு போன்ற சிறு பூச்சியின் கூட்டுப்புழுவைப் போலக் கொக்கியில் கட்டிய தூண்டில்கள்தான். பிறந்த தண்ணீர்தான் வேறு.

பஸ்ஸர் பிறந்தது இங்கிலாந்தின் பிளாக்டன் ஏரியில். 1904-இல் மீன்பிடிக்கத் திறந்துவிட்ட நீர்த்தேக்கம் அது. இரு உலகப் போர்களுக்கு நடுவே, டாக்டர் பெல் அங்கே பிடித்த மீன்களின் வயிற்றைக் கீறி, என்ன தின்றிருக்கிறது என்று பார்த்தார். பார்த்ததையே கட்டினார்: கறுப்புக் கம்பளி உடல், தங்கநிற ஜரிகைச் சுற்று, தலைப்பக்கம் வெள்ளைக் குஞ்சம். புழுவின் சுவாச இழைகள்தான் அந்தக் குஞ்சம். அந்தக் கவனிப்புக்காகவே என் மனம் பஸ்ஸர் பக்கம் சாய்கிறது.

ஸீப்ரா, அமெரிக்காவின் அரிசோனாவில், கிளென் கேன்யன் அணைக்குக் கீழே லீஸ் ஃபெர்ரியில் உருவானது. கறுப்பு நூல், வெள்ளிக் கம்பி, பெரும்பாலும் தலையில் ஒரு சிறு பாசிமணி, அவ்வளவுதான். ஆனால் ஓடும் ஆற்றில் சட்டென்று மூழ்க அந்த எளிமைதான் சரி.